காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று

1984 ஏப்ரல் 9, திங்கள்

ஏழு மணிக்கே வெயில். குழாயில் தண்ணீர் இல்லை. ஸ்டெல்லா தெருமுனை அடிபம்பில் பிடித்து வந்தாள்.

இட்லிக்குப் பிறகு முதல் மாத்திரை. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. வெள்ளை. லேசான கசப்பு.

சனிக்கிழமை டாக்டர் சொன்னது மறப்பதற்குள்: காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. அதற்குமேல் போட்டால் தூக்கம் கெடும். நெஞ்சு படபடப்பு, தலைவலி வந்தால் உடனே வரவேண்டும். வெளிநாட்டில் ஓரிடத்தில் உட்காராத சின்னப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கிறார்களாம். என் வயதுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. "இது பைத்தியத்துக்குக் குடுக்குற மருந்து இல்லம்மா. உங்களுக்குப் புத்தியில ஒரு குறையும் இல்ல. அது ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது, அவ்வளவுதான்."

முப்பத்தொன்பது வயதில் ஒருவர் இப்படிச் சொல்லிக் கேட்கிறேன். இதுவரை கேட்டதெல்லாம் வேறு. அம்மா: "தலை கழுத்துல இருக்கா, எங்கயும் வச்சிட்டு வந்துட்டியா?" என் வீட்டுக்காரர்: "நீ டீச்சர் வேல பாக்குறதுதான் எனக்கு ஆச்சரியம்."

ரிக்‌ஷாவில் திரும்பினோம். வாசலில் இறங்கியதும் அவர், "யாராச்சும் கேட்டா காது டாக்டர்ட்ட போனோம்னு சொல்லு" என்றார்.

பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பு பி பிரிவு, பூகோள விடைத்தாள் கட்டு. வழக்கமாக நாலு தாளுக்கு ஒருமுறை எழுந்து போவேன். தண்ணீர், ஜன்னல், யாருடனாவது பேச்சு. கட்டு மூன்று நாள் பையிலேயே கிடக்கும். இன்று உட்கார்ந்த இடத்திலேயே முடிந்தது. தலையைத் தூக்கினால் ஆசிரியர் அறையில் யாருமில்லை. மணி அடித்தது காதில் விழவில்லை.

சந்தோஷப்பட வேண்டும். அழுகை வந்தது. மற்ற எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்களா? தினமும்?

ஏப்ரல் 11, புதன்

நாக்கு அட்டை மாதிரி. பசியே இல்லை. மத்தியானச் சாப்பாட்டை ஆயாவிடம் கொடுத்துவிட்டேன்.

வகுப்பில் வைகை அணை. அணையில் ஆரம்பித்து அணையில் முடித்தேன். முன்பென்றால் பாதியில் என் சின்ன வயது வெள்ளக் கதைக்குப் போய், அங்கிருந்து மீன் குழம்புக்குப் போய், பிள்ளைகள் சிரித்து, பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பார். இன்று ஒரு சத்தமில்லை. முடிந்ததும் முதல் பெஞ்சுப் பிள்ளை கிட்டே வந்து, "டீச்சர், எங்க மேல கோவமா?" என்றாள்.

இல்லையே என்றேன். "பின்ன ஏன் கதையே சொல்லல?"

தலைமை ஆசிரியைக்கு மட்டும் பரம திருப்தி. "இந்த வாரம் உங்க வகுப்பு நல்லா இருக்கு லில்லி."

சாயங்காலம் நாலரை, ஐந்துக்கு மாத்திரையின் வேகம் இறங்கிவிடுகிறது. அப்போது ஒரு சோர்வு. காரணமே இல்லாத துக்கம். கீரை ஆய்ந்துகொண்டே கண்ணீர். வெங்காயம் என்றேன். கீரைக்கு ஏது வெங்காயம்.

ஏப்ரல் 13, வெள்ளி

ரேஷன் சீனி. மின்சார பில். இரண்டும் நானே போய் முடித்தேன்.

இன்று ஸ்டெல்லாவைக் கவனித்தேன். கவனித்தேன் என்று எழுதுவதே வெட்கமாக இருக்கிறது. பதினேழு வயது. என் வயிற்றில் பிறந்தவள்.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் திருகைத் தொடுகிறாள். பின்கதவுத் தாழ்ப்பாளைத் தொடுகிறாள். என் பையைத் திறந்து கண்ணாடி, சாவி, பஸ் சில்லறை பார்க்கிறாள். அதில் ஒரு சத்தமில்லை, முகத்தில் சலிப்பில்லை. நாம் பல் விளக்குவதுபோல அவளுக்கு அது. பிப்ரவரியில் ஸ்டவ்வை அணைக்காமல் நான் மாடிக்குப் போய், திரைச்சீலை பற்றி எரிந்ததே, அதற்குப் பிறகு வந்த பழக்கம் என்று நினைத்தேன். கேட்டேன்.

"இல்லம்மா. நாலாங் கிளாஸ் படிக்கிறப்ப இருந்து."

"இன்னைக்கு நானே அணைச்சுட்டேன்டி."

"சரிம்மா" என்றாள். என்றாலும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டினாள்.

ஏப்ரல் 20, புனித வெள்ளி

கோயிலில் மும்மணி ஆராதனை, மூன்று மணி நேரம். உள்ளே அனல். மூங்கில் விசிறிகளின் சத்தம்.

ஒவ்வொரு வருடமும் இரண்டாம் வார்த்தைப் பிரசங்கத்திலேயே எழுந்து வெளியே வந்துவிடுவேன். வேப்பமரத்தடியில் கைக்குழந்தைக்காரிகளோடு நின்றுகொண்டிருப்பேன். இன்று ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளும் உட்கார்ந்து கேட்டேன். "தாகமாயிருக்கிறேன்" வந்தபோது எனக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. மாத்திரையின் வறட்சிதான். இருந்தாலும் அந்த வார்த்தை முதல் தடவையாக உள்ளே போனது.

அவர் இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தார். வெளியே வந்ததும் மெதுவாக, "நல்லாத்தான் வேல செய்யிது போல" என்றார்.

ஏப்ரல் 28, சனி

பள்ளி மூடியாயிற்று. கிரேஸ் மதினி திருமங்கலத்திலிருந்து வந்திருந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. ஒரு கூடை மாங்காய்.

நான் அடுக்களையில். கூடத்தில் பேச்சு.

"என்ன தம்பி, பிள்ளைய அடுத்து எங்க சேக்கப் போற?"

"திருச்சியில கணக்குப் படிக்கணுங்குறா. ஹாஸ்டல்ல இருந்து."

"அவ போயிட்டா இவளை யாரு பாக்குறது? நீ ஆபீஸ் போயிருவ. அடுப்பை எரியவிட்டுட்டு அவபாட்டுக்குப் போயிருவா. வீடே போயிரும். இங்கயே ஒரு நர்ஸிங்ல சேத்து விடு. அம்மாவைப் பாத்துப் பாத்து அவளுக்குக் கைவந்த வேலை."

அவர் மறுக்கவில்லை; மறுக்காவிட்டால் சம்மதம் என்று எனக்குத் தெரியும்.

மதினி போனபிறகு ஸ்டெல்லா மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நர்ஸிங் பிடிக்குமாடி?" என்றேன். கத்தியை நிறுத்தவில்லை. "யாரையும் பாத்துக்கிற வேல எனக்கு வேணாம்மா." பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உன்னைச் சொல்லல."

என்னைத்தான் சொன்னாள். சொல்லட்டும்.

ஏப்ரல் 29, ஞாயிறு

அவரிடம் நேராகப் பேசினேன். பேச வேண்டியதை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு போய், அந்த வரிசையிலேயே பேசினேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. அவரே அதைக் கவனித்திருப்பார்.

"மே மாசம் முழுக்க வீட்டை நானே பாக்குறேன். அவ ஒண்ணையும் தொட வேணாம். ஒரு தப்பு நடந்தா அவ இங்கயே படிக்கட்டும். நடக்கலைன்னா திருச்சிக்கு அனுப்புங்க."

"அவ பிளஸ் டூ ரிசல்ட் வர்ற வரைக்கும் பாப்போம்" என்றார்.

மே 8, செவ்வாய்

கத்திரி வெயில். தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது.

பால் பொங்கவில்லை. அரிசி தீரும் முன்பே வாங்கியாயிற்று. அவர் சட்டைகளுக்கு இஸ்திரி, பொத்தான். ஸ்டெல்லாவுக்கு வேலையே இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறாள். நான் ஸ்டவ்வை அணைக்கும்போது பின்னால் வந்து நிற்கிறாள், தொடாமல்.

ஜாக்கெட்டெல்லாம் தொளதொள. பக்கவாட்டில் பிடித்துத் தைத்தேன். எதிர்வீட்டு மெகருன்னிசா அக்கா: "என்ன லில்லி, நோம்பா? இப்பிடி எளைச்சுட்ட?" வெயில் என்றேன்.

மே 15, செவ்வாய்

பத்து மணி வாக்கில் நெஞ்சில் படபடப்பு. ஓடிவந்த மாதிரி. உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அடங்கியது.

டாக்டர் உடனே வரச்சொல்லியிருக்கிறார். போனால் நிறுத்திவிடுவார். ரிசல்ட் வரட்டும்.

மே 19, சனி

இந்த நாளை ஒழுங்காக எழுத வேண்டும்.

அவர் ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மத்தியான மாத்திரை போட்டு, சாப்பிட்டுப் படுக்காமல் ஸ்டெல்லாவோடு உட்கார்ந்தேன். அவள் பாவாடைக்கு விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். சும்மாதான் கேட்டேன், பள்ளியில் உனக்கு யார் ரொம்பச் சிநேகிதம் என்று.

"இப்ப யாரும் இல்லம்மா. கலா இருந்தா."

கலா. மஞ்சள்காமாலையில் இறந்துபோன பிள்ளை. அது தெரியும். அவள் வகுப்பில் ஒரு பிள்ளை என்றுதான் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து இவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்பது தெரியாது.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேம்மா." கோபமில்லாமல் சொன்னாள். "அன்னைக்கி சாயங்காலம் வந்து சொன்னேன். அடப்பாவமேன்னு சொன்ன. அப்பறம் வெளியில பாத்திரக்காரன் சத்தம் கேட்டுச்சு, எந்திரிச்சுப் போயிட்ட. திரும்பி வந்து ஈயம் பூசுறதப் பத்திப் பேசுன."

"மறுபடியும் சொல்லியிருக்கலாமே."

"இல்லம்மா. அதுக்கப்பறம் எதுவும் சொல்லணும்னு தோணல."

கலாவின் சொந்த ஊர் திருவாதவூர். அங்கே கொண்டுபோய்த்தான் அடக்கம். இவள் தனியாக பஸ் ஏறிப் போயிருக்கிறாள். பதினைந்து வயது. யாருடைய கையையும் பிடிக்காமல் அந்த வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள். கலாவின் அம்மா இவளைக் கட்டிக்கொண்டு, "நீ யாரு கூட வந்த தாயி?" என்று கேட்டார்களாம். "அம்மா பின்னால வர்றாங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

அத்தனையும் சொன்னாள். கலா எப்படிச் சிரிப்பாள், என்ன சட்டை போடுவாள், கணக்கில் யார் முதலில் வருவது என்று இருவருக்கும் போட்டி. நான் குறுக்கே பேசவில்லை. தெருவில் யாரோ கூவிக்கொண்டு போனார்கள், எழுந்திருக்கவில்லை. அவள் பேசப் பேச அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது புருவத்தில் சின்னத் தழும்பு. அது எப்போது வந்தது?

ஐந்து மணி நெருங்கியது. மாத்திரை இறங்குவது தெரிந்தது. அவள் வார்த்தைகளுக்கு நடுவே வேறு எண்ணங்கள் நுழைய ஆரம்பித்தன. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். பாயின் கோரையை நகத்தால் பிய்த்துக்கொண்டு கேட்டேன்.

கடைசியில் அவளே எழுந்தாள். "இம்புட்டு நேரம் நீ ஒக்காந்து கேட்டதே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு விளக்கைப் போட்டாள்.

மே 27, ஞாயிறு

படபடப்பு தினமும். காலையில் தலைவலி, பின்மண்டையில்.

மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி இன்னொரு மாதத்துக்கு வாங்கினேன். கடைக்காரர் மெட்ராஸிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார். "டாக்டரைப் பாத்தீகளா டீச்சர்?" "பாத்தேன்." பொய்.

ஜூன் 6, புதன்

ரிசல்ட். ஸ்டெல்லா கணக்கில் பள்ளிக்கே முதல். மெகருன்னிசா அக்கா வீட்டிலிருந்து சேமியா பாயசம் வந்தது.

அவர் ராத்திரி சாப்பிட்டுக் கைகழுவும்போது, "டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு வாங்கணும்" என்றார். அவ்வளவுதான். ஸ்டெல்லா தட்டோடு அடுக்களைக்குள் ஓடிவந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். என் நெஞ்சு அடிக்கிற அடி அவளுக்குக் கேட்டிருக்கும்.

"என்னம்மா இப்பிடி அடிக்கிது?"

"சந்தோஷம்டி."

ஜூன் 24, ஞாயிறு

திருச்சி போய்த் திரும்பியாயிற்று. உடம்பெல்லாம் வலி. அவருக்கு வரமுடியாத வேலை. நானும் அவளும் மட்டும்.

பஸ் கொட்டாம்பட்டியில் டீக்கு நின்றது. அவள் வெள்ளரிப்பிஞ்சு வாங்க இறங்கினாள். அப்போது வந்தது. இதுவரை வராத மாதிரி. நெஞ்சு, காது, கண் எல்லாம் சேர்ந்து அடித்தது. சேலைத் தலைப்புக்குள் கையை வைத்து அழுத்திக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்தேன். இப்போது வேண்டாம் ஆண்டவரே. இவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்வரை.

பக்கத்து சீட்டு அம்மா, "என்னம்மா, வாந்தி வருதா?" என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார். ஸ்டெல்லா ஏறும்போது அதை முகர்ந்துகொண்டிருந்தேன். பஸ் மயக்கம் என்றே நினைத்துக்கொண்டாள்.

ஹாஸ்டல் கட்டில் ஜன்னல் பக்கம். கொடிக்கயிறு கட்டிக்கொடுத்தேன். எதையும் விட்டுவிட்டு வரவில்லை. கிளம்பும்போது, "மாத்திரைய நிறுத்தாதம்மா" என்றாள். சரி என்றேன்.

ஜூலை 7, சனி

டாக்டர். ரத்த அழுத்தம் பார்த்தார். மறுகையிலும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும்.

"எத்தனை நாளா இருக்கு இந்தப் படபடப்பு?"

"மே மாசத்துல இருந்து."

"ஏம்மா வரல? படிச்சவங்கதானே நீங்க?" குரல் உயர்ந்துவிட்டது. கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார்.

சொன்னேன். ஸ்டெல்லா, திருச்சி, மே மாதப் பந்தயம் எல்லாம். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டவில்லை. "இது இனிமே உங்களுக்கு ஆகாதும்மா. இன்னைக்கே நிறுத்துங்க." வேறு மருந்து உண்டா என்றேன். "இருந்தா முதல்லயே குடுத்திருப்பேன்."

மிச்ச மாத்திரைகளை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

பஸ் ஏறாமல் நடந்தேன். கீழவாசலிலிருந்து தெற்குவாசல் வரை ஒவ்வொரு கடைப் பலகையாகப் படித்துக்கொண்டு போனேன். இன்றைக்கு இன்னும் மாத்திரை உடம்பில் இருக்கிறது. ஒரு பலகையைப் படித்து முடித்துவிட்டு அடுத்ததைப் பார்க்க முடிகிறது.

ஜூலை 9, திங்கள்

அவருக்குத் தெரிந்துவிட்டது. நானேதான் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "பிள்ளையை அனுப்புறதுக்கு உசுரைக் குடுக்கப் பாத்தியா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பிறகு: "ஸ்டெல்லாட்ட சொல்லாத. சொன்னா அடுத்த பஸ்ஸுல வந்து நிப்பா."

"அடுப்பு?"

"நான் பாத்துக்கிறேன்."

ஜூலை 17

பை பஸ்ஸிலேயே போய்விட்டது. கண்டக்டர் டெப்போவில் கொடுத்திருக்கிறார். நல்ல மனுஷன். சாவி இருந்தது.

அவர் காலையில் எனக்கு முன்னால் எழுந்து காபி போடுகிறார். சீனி அதிகம். மத்தியானம் ஆபீஸிலிருந்து சைக்கிளில் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார். பூட்டுத்தானே, அதில் என்ன பார்க்கிறார்.

பிள்ளைகள் வகுப்பில் சிரிக்கிறார்கள். மீன் குழம்பு. தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

ஜூலை, வெள்ளி

தேதி பார்க்கவேண்டும். விடைத்தாள் கட்டு பையில். பசிக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறேன். படபடப்பு இல்லை.

அந்தப் பிற்பகல் ஞாபகம் வருகிறது. பாயில் உட்கார்ந்து கேட்டது. இனி அப்படி ஒன்று

பால்காரர்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

மேகம். மழை வருமா வராதா.

ஸ்டெல்லா நேற்றுக் காலையில் வந்தாள். கொஞ்சம் கறுத்திருக்கிறாள். சடையை மாற்றிப் பின்னுகிறாள். அவர் ஆட்டுக்கறி வாங்கிவந்தார். நானும் அவரும் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருந்தோம், விருந்தாளி வருவதுபோல.

இன்று மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தானாக. பேச ஆரம்பித்தாள். அறைத்தோழி ஒரு பிள்ளை, தினமும் அழுகிறதாம். எதற்காக என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சத்தியமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கொடியில் அவருடைய வேட்டி, மேகம் வேறு, வேட்டி நனைந்துவிடுமே, நீலம் போட்டது, நீலம் தீர்ந்துவிட்டதே. "கடையில நீலம் வாங்கணும், வர்றியா?" என்று கேட்டுவிட்டேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது.

அவள் பேச்சு நின்றது. கோபமில்லை. பழைய முகம், அவ்வளவுதான். அதை நான் இப்போது அடையாளம் காண்கிறேன், முன்பு தெரியாது.

"மாத்திரை சாப்பிடுறியாம்மா?"

"சாப்பிடுறேனே."

மாத்திரை வைக்கிற அலமாரிப் பக்கம் பார்த்தாள். பிறகு என்னை. நான் கண்ணை எடுக்கவில்லை. பதினேழு வயதுப் பிள்ளை, எவ்வளவு நேரம் பார்த்தாள்.

"நல்லதும்மா. சாப்பிடு" என்றாள்.

எழுந்துபோய்க் கொடியிலிருந்து வேட்டியை எடுத்து மடித்து வைத்தாள். நாலு மணி பஸ்ஸுக்குத் துணிகளை அடுக்கினாள். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "அடுத்து கிறிஸ்துமஸுக்குத்தாம்மா வர முடியும். நெறைய டெஸ்ட் இருக்கு" என்றாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். "நல்லாப் படி" என்றேன்.

பின்னால் உட்கார்ந்து போனாள். பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. தோள் குலுங்குவது வாசலிலிருந்தே தெரிந்தது. தெரு திரும்பும்வரை நின்றேன். கூப்பிட்டிருந்தால் இறங்கி வந்திருப்பாள். அந்தப் பிள்ளை எதற்காக அழுகிறது என்று மறுபடி கேட்டிருப்பேன். அப்புறம் அவள் திருச்சிக்குத் திரும்பமாட்டாள். கூப்பிடவில்லை.